கம்பெனி சர்வரில் பாஸ்வேர்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

திருப்பூர், பல்லடம், அவிநாசி பக்கம் இருக்கிற பனியன் கம்பெனிகளுக்கும் ஒன்றிரண்டு சாயப்பட்டறைகளுக்கும் சர்வர் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எல்லா இடத்திலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆபீஸ் ரூமில் யுபிஎஸ் பக்கத்தில் ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வர், அதில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், அதன் மேல் ஆர்டர், கட்டிங், பீஸ் ரேட் கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு சாஃப்ட்வேர், அப்புறம் ராத்திரி ஓடுகிற ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். புதிதாக ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த ஸ்கிரிப்டைத்தான். டேட்டாபேஸில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரின் பாஸ்வேர்டு பெரும்பாலும் அதற்குள்ளேயே பச்சையாக எழுதியிருக்கும். அதே பாஸ்வேர்டுதான் சாஃப்ட்வேரின் கான்ஃபிக் ஃபைலிலும் இருக்கும், ரிப்போர்ட் எடுக்கிற எக்செல் ஷீட்டின் கனெக்‌ஷனிலும் இருக்கும், அக்கவுண்ட்ஸ் மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டிலும் இருக்கும்.

பாஸ்வேர்டு வெளியே போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அதை மாற்றவே முடியாமல் போவது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையன் நல்ல சம்பளம் கிடைத்து வேறு கம்பெனிக்குப் போகிறான், இங்கே அது சகஜம், அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் போன அன்றைக்குப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஆபீஸே பதறும். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிற அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங் தம்பி, இப்ப மாத்திப்போட்டா சனிக்கிழம சம்பளம் போட முடியுமுங்களா? எது எது நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த ஊரில் பீஸ் ரேட் டெய்லர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை கணக்கு முடிந்தே ஆக வேண்டும். எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாததால்தான் பல கம்பெனிகளில் சர்வர் வாங்கிய காலத்துப் பாஸ்வேர்டே இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், அந்த டேட்டாபேஸில் இருப்பது கம்பெனியின் ஆர்டர் விவரம் மட்டும் கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி, ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளின் ஆதார் எண், பேங்க் அக்கவுண்ட், பிஎஃப் எண், ஊர் முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. வேலை வேண்டும் என்பதற்காக அவர்கள் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அதை ஒழுங்காகக் காப்பது நம் கடமை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. முதலாளிகளிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொன்னால் காது கொடுக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டு எழுதினால் என்ன கெட்டுவிடும்? ஸ்கிரிப்ட் ஃபைலைப் பூட்டி வைத்தாலும் அது கசிகிற வழிகள் சில இருக்கின்றன, அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். டெர்மினலில், டேட்டாபேஸை நகல் எடுக்கிற மைஎஸ்கியூஎல் டம்ப் கமாண்டோடு சேர்த்து, சின்ன பி (-p) ஆப்ஷனுக்குப் பின்னால் ஒட்டிப் பாஸ்வேர்டை அடித்தால் அது, அடித்த கமாண்டுகளைச் சேர்த்து வைக்கிற பாஷ் ஹிஸ்டரி ஃபைலில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் கமாண்டுகளைக் காட்டுகிற பிஎஸ் என்ற கமாண்டை, அந்த சர்வரில் சாதாரண லாகின் உள்ள யாரும் அடித்துப் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் தன் பங்குக்குப் பாஸ்வேர்டை அந்தப் பட்டியலிலிருந்து சட்டென்று அழித்துவிடும், இருந்தாலும் ஆரம்பிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் தெரியத்தான் செய்யும். இதைவிட மோசம், குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டுகிற கிரான். பாஸ்வேர்டோடு முழுக் கமாண்டையும் கிரானின் பட்டியலான கிரான்டேபில் எழுதி, பைப் போட்டு, ஃபைலைச் சுருக்குகிற ஜிஜிப்புக்கு அனுப்பியிருந்தால், அதை ஓட்டுகிற ஷெல்லின் வரியில் பேக்கப் முடிகிற வரைக்கும் பாஸ்வேர்டு முழுசாகத் தெரியும். அதோடு கிரான் தான் ஓட்டுகிற ஒவ்வொரு கமாண்டையும் சிஸ்லாக் என்ற சர்வரின் பதிவு ஃபைலில் எழுதி வைக்கிறது, அதாவது தினமும் ராத்திரி உங்கள் பாஸ்வேர்டு லாக் ஃபைலில் ஒருமுறை பதிவாகிறது. பழைய லாக்கைச் சுருக்கி வைப்பதால் அது வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். கிரான்டேபில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும் சங்கதி வேறு, பாஸ்வேர்டில் அந்தக் குறி இருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

இதற்கெல்லாம் மைஎஸ்கியூஎல் கூடவே ஒரு கருவி வருகிறது, 5.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் நான் போன இடங்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் அபூர்வம். மைஎஸ்கியூஎல் கான்ஃபிக் எடிட்டர் என்று பெயர், மூன்று சொல்லுக்கும் நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டு அடிக்க வேண்டும். அதில் செட் என்று சொல்லி, லாகின் பாத் என்ற ஆப்ஷனில் நமக்குப் பிடித்த ஒரு பெயர் கொடுத்து (நான் ராத்திரி பேக்கப்புக்கு 'ராபேக்கப்' என்ற மாதிரி வைப்பேன்), ஹோஸ்ட், யூசர் இரண்டையும் சொல்லி, பாஸ்வேர்டு என்ற ஆப்ஷனை மட்டும் வெறுமனே விட்டால் அது நம்மிடம் கேட்கும், நாம் அடிப்பது திரையில் தெரியாது, ஹிஸ்டரியிலும் ஏறாது. அந்த விவரம் ஹோம் ஃபோல்டரில் டாட் மைலாகின் டாட் சிஎன்எஃப் என்ற மறைவு ஃபைலில் போய் உட்காரும். அதற்கப்புறம் ஸ்கிரிப்டில் லாகின் பாத் பெயரை மட்டும் எழுதினால் போதும். ஸ்கிரிப்டை யார் பார்த்தாலும், வாட்ஸப்பில் அனுப்பினாலும், அதில் ரகசியம் என்று ஒன்றும் இருக்காது.

சிலது கவனிக்க வேண்டும். லாகின் பாத் ஆப்ஷன் கமாண்டில் முதல் ஆப்ஷனாக வர வேண்டும், யூசர் பெயரை முன்னால் எழுதிவிட்டு இதைப் பின்னால் போட்டால் தெரியாத வேரியபிள் என்று எரர் வரும், புதிதாகப் பழகுபவர்கள் இங்கேதான் கருவியே கெட்டுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஃபைல் ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு, போர்ட், சாக்கெட் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளும், டேட்டாபேஸ் பெயரை ஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும். ஹோஸ்ட் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் லினக்ஸில் சர்வருக்குள்ளேயே இருக்கிற சாக்கெட் வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியாகப் போகும், டேட்டாபேஸில் யூசரை எப்படி உருவாக்கினோமோ அதற்குப் பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. பாஸ்வேர்டில் ஹேஷ் குறி இருந்தால் பழைய பதிப்புகளில் அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைக் கமெண்ட் என்று நினைத்து வெட்டிவிடும், கேட்கும்போது இரட்டை மேற்கோளுக்குள் அடிக்க வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் ஸ்கிரிப்டுக்கான பாஸ்வேர்டுகளை ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட் கமாண்டில் ஹெக்ஸ் முறையில் 20 பைட் கேட்டு எடுக்கிறேன். வெறும் எண்ணும் எழுத்துமாக 40 குறி வரும், எந்த ஷெல்லிலும் எந்த ஃபைலிலும் சண்டை போடாது. சர்வரில் பாஸ்வேர்டு விதி கண்டிப்பாக இருந்தால் மட்டும் நடுவில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு அடிக்கோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் குப்பை மாதிரி எழுத்துகள் தெரியும், பிரிண்ட் என்ற துணைக் கமாண்டில் பார்த்தாலும் பாஸ்வேர்டு இருக்கிற இடத்தில் நட்சத்திரங்கள்தான் வரும். இதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பாஸ்வேர்டு பூட்டப்பட்டுவிட்டது என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. குழப்பி எழுதிய விதத்தை அவிழ்க்கிற சாவியும் அந்த ஃபைலுக்குள்ளேயேதான் இருக்கிறது, வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். மை பிரிண்ட் டிஃபால்ட்ஸ் என்று மைஎஸ்கியூஎல்லோடு வருகிற இன்னொரு கருவியில் ஷோ ஆப்ஷனோடு லாகின் பாத் பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்டைப் பளிச்சென்று காட்டிவிடும். யாராவது நம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் தெரியக்கூடாது, லாக்கிலும் ஹிஸ்டரியிலும் போகக்கூடாது, அந்த அளவுக்குத்தான் இந்தக் குழப்பல் உதவும். உண்மையான காவல் லினக்ஸின் ஃபைல் பர்மிஷன்தான். அந்த ஃபைல், சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத முடிகிற மாதிரி 600 பர்மிஷனில் இருக்க வேண்டும், கருவி அப்படித்தான் உருவாக்குகிறது, மற்றவர்கள் தொடுகிற மாதிரி மாற்றிவிட்டால் மைஎஸ்கியூஎல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஹோம் ஃபோல்டரை அப்படியே ஒரே ஃபைலாக டார் பண்ணிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவர்கள், அதோடு பாஸ்வேர்டும் பென்டிரைவில் போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பென்டிரைவ் காங்கேயம் ரோட்டில் எந்த டீக்கடையில் விழுந்தாலும் திறக்கிற சாவியும் அதனுள்ளேயே இருக்கும்.

பர்மிஷன்தான் காவல் என்றால், எந்த லினக்ஸ் யூசரின் ஹோமில் அந்த ஃபைல் இருக்கிறது என்பது பெரிய விஷயமாகிறது. பேக்கப்புக்கென்று தனியாக ஒரு லினக்ஸ் யூசர், அதன் கிரான்டேப், அதன் ஹோமில் அதன் மைலாகின் ஃபைல், இப்படி வைப்பது என் வழக்கம். உங்கள் சொந்த லாகினில் உட்கார்ந்து கான்ஃபிக் எடிட்டரை ஓட்டிவிட்டு, கிரானை ரூட்டில் போட்டால் ராத்திரி கிரான் ரூட்டின் ஹோமில் போய்த் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது, பேக்கப் ஓடாது. சுடோ மூலம் அந்த யூசராக ஓட்டும்போது பெரிய ஹெச் ஆப்ஷனையும் சேர்த்துக்கொண்டால் ஹோம் ஃபோல்டர் குழப்பம் வராது. முடித்ததும் எல்எஸ் அடித்து ஃபைல் எந்த ஃபோல்டரில், யார் பெயரில் பிறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் பக்கமும் இதே கதைதான். ரூட்டை ரூட்டாகவே விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனி யூசர் வைக்க வேண்டும். பேக்கப் யூசருக்கு அந்த டேட்டாபேஸில் செலக்ட், ஷோ வியூ, ட்ரிகர், ஈவென்ட் உரிமைகள் கொடுத்து, இன்னோடிபி டேபிள்களுக்கு சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனில் டம்ப் எடுத்தால் டேபிளைப் பூட்ட வேண்டிய உரிமைகூடத் தேவைப்படாது. 8.0.21 பதிப்பிலிருந்து டம்ப் எடுக்கும்போது ப்ராசஸ் உரிமை இல்லை என்று ஒரு எரர் வரும், அதைப் பார்த்துப் பயந்து எல்லா உரிமையும் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. நோ டேபிள்ஸ்பேஸஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்தாலே அது சரியாகிவிடும். எக்செல் ரிப்போர்ட்டுக்குப் படிக்க மட்டும் முடிகிற ஒரு யூசர், அதுவும் ஆதார் எண் இருக்கிற டேபிளைத் தொட முடியாதபடி. சாஃப்ட்வேருக்கு அதன் டேட்டாபேஸுக்குள் மட்டும் எழுத முடிகிற ஒரு யூசர். யூசரை உருவாக்கும் கமாண்டை மைஎஸ்கியூஎல் ப்ராம்ப்டுக்குள்ளே போய் அடித்தால் அதன் ஹிஸ்டரி ஃபைலில் பாஸ்வேர்டு வரி சேராது, ஐடென்டிஃபைட், பாஸ்வேர்டு ஆகிய சொற்கள் உள்ள வரிகளை அது இயல்பாகவே விட்டுவிடும். அதையே பாஷில் ஈ ஆப்ஷன் போட்டு ஒரே வரியாக அடித்தால் பாஷ் ஹிஸ்டரியில் ஏறிவிடும், இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

இப்படிப் பிரித்து வைத்த பிறகுதான் அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறது. பேக்கப் பாஸ்வேர்டை மாற்றினால் பேக்கப் மட்டும்தான் பாதிக்கும், அதுவும் ஒரு ஃபைலில் ஒரு இடத்தில் மாற்றினால் முடிந்தது, சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாஃப்ட்வேர் யூசரை மாற்றுவதுதான் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் ஆபீஸில் ஒரு இடம், பல்லடம் பக்கம் நிட்டிங் யூனிட்டில் ஒரு இடம், பேக்கிங் செக்‌ஷனில் ஒரு இடம் என்று பல மெஷினில் அது இருக்கும், எல்லாவற்றையும் ஒரே நொடியில் மாற்ற முடியாது. இதற்கு மைஎஸ்கியூஎல் 8.0.14 பதிப்பில் ஒரு அருமையான வசதி கொடுத்தார்கள். யூசரின் பாஸ்வேர்டை மாற்றும் ஆல்டர் யூசர் வரியின் கடைசியில் ரிடெய்ன் கரன்ட் பாஸ்வேர்டு என்று சேர்த்தால் புதுசும் பழசும் இரண்டுமே வேலை செய்யும். நிதானமாக ஒவ்வொரு யூனிட்டாகப் போய்ப் புதுசைப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்ததும் டிஸ்கார்ட் ஓல்ட் பாஸ்வேர்டு என்று ஒரு வரி அடித்தால் பழசு செத்துவிடும். அந்த அக்காவின் கம்பெனியில் இப்படித்தான் செய்தோம். திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தோம், சம்பள நாளுக்கு நல்ல இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நாள். ஒரு டெய்லரின் பீஸ் கணக்குகூடத் தடங்கவில்லை. "இவ்வளவுதானுங்களா? இதுக்கா இத்தன வருசம் பயந்துட்டு இருந்தோம்?" என்றார் அக்கா. பழைய பாஸ்வேர்டைச் சாகடிக்கும் முன் ஒரு சனிக்கிழமையைத் தாண்ட விட்டோம், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடுகிற ரிப்போர்ட் ஏதாவது மறந்து போயிருந்தால் அது தெரியட்டும் என்பதற்காக. அப்படி ஒன்று இருக்கவும் செய்தது, செக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ போட்டு வைத்த ஒரு எக்செல்.

கான்ஃபிக் எடிட்டர் கருவியில் ரிசெட், ரிமூவ் என்று இரண்டு துணைக் கமாண்டுகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரிமூவில் லாகின் பாத் பெயர் கொடுத்தால் அது மட்டும் போகும், ரிசெட் ஃபைல் முழுவதையும் காலி செய்துவிடும். ரிமூவில் பெயர் கொடுக்க மறந்தால் கிளையன்ட் என்ற இயல்பான பாத் போய்விடும். ஏற்கெனவே இருக்கிற பெயரில் மறுபடியும் செட் செய்தால் மேலே எழுதிவிடட்டுமா என்று கேட்கும், நன்றாகப் படித்துவிட்டு ஒய் அடியுங்கள்.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் நிறைய சர்வர்களில் மைஎஸ்கியூஎல் என்று நினைத்துக்கொண்டு மரியாடிபியைத்தான் ஓட்டுகிறார்கள், அதில் இந்த லாகின் பாத் வசதி கிடையாது. அங்கே அந்த பேக்கப் யூசரின் ஹோமில் டாட் மை டாட் சிஎன்எஃப் என்ற சாதா ஃபைலில், கிளையன்ட் என்ற தலைப்பின் கீழ் யூசரையும் பாஸ்வேர்டையும் எழுதி 600 பர்மிஷன் கொடுத்துவிடலாம். பச்சையாகத் தெரிகிறதே என்று கவலைப்படுகிறார்கள், ஆனால் மேலே சொன்ன மாதிரி குழப்பி எழுதினாலும் காவல் பர்மிஷன்தான் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் டாட் பிஜிபாஸ் என்ற ஃபைல், ஒரு வரியில் ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்டு என்று ஐந்தையும் கோலன் போட்டுப் பிரித்து எழுதுவது, அதற்கும் 600 இல்லாவிட்டால் லினக்ஸில் அதைக் கண்டுகொள்ளாது. அப்பாச்சி வெப் சர்வரில் ஒரு பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போடும் ஹெச்டிபாஸ்வேர்டு (htpasswd) கருவியில் சி ஆப்ஷன் புது ஃபைல் உருவாக்குவதற்கு, இருக்கிற ஃபைலில் இன்னொரு யூசரைச் சேர்க்கும்போது அதைப் போட்டால் பழைய யூசர்கள் அத்தனை பேரும் அழிந்துபோவார்கள். பெரிய பி (-B) ஆப்ஷன் போட்டால் பிகிரிப்ட் முறையில் சேமிக்கும், அது வலுவானது. சின்ன பி (-b) போட்டால் பாஸ்வேர்டைக் கமாண்டிலேயே கேட்கும், அதைத் தவிர்க்கவும்.

மனிதர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாஸ்வேர்டு என்று மிஞ்சுவது டேட்டாபேஸ் ரூட், சர்வர் ரூட், இன்னும் ஒன்றிரண்டுதான். அதற்கு நான் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற கீபாஸ்எக்ஸ்சி என்ற சாஃப்ட்வேரை வைக்கச் சொல்கிறேன், இன்டர்நெட் இல்லாமலே ஓடும், ஒரே ஃபைல், ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. அந்த மாஸ்டர் பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதி, கவரில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்வேன். நகையும் பத்திரமும் இருக்கிற இடத்தில் இருந்தால் கவர் பிரிக்கப்பட்டதா இல்லையா என்று அவருக்கே தெரியும், நாளைக்கு எனக்கு ஒன்று ஆனாலும் கம்பெனி நிற்காது. கவரின் மேல் எந்தத் தேதியில் எழுதியது என்பதும், எந்தெந்த யூசர் எந்த மெஷினில் எந்த ஃபைலில் இருக்கிறது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியலில் பாஸ்வேர்டு வேண்டாம், இடம் மட்டும் போதும், அதனால் பட்டியலின் ஒரு நகலை அக்கவுண்ட்ஸ் அக்காவிடமும் கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்து முடித்த அன்றைக்கே பழைய ரூட் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், அது ஹிஸ்டரியிலும் பழைய சிஸ்லாக்கிலும் யாருடைய வாட்ஸப்பிலும் இருந்தாலும் இனி உதவாது. மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் பேக்கப் ஃபைலின் அளவையும் நேரத்தையும் பாருங்கள், அதை வேறு ஒரு மெஷினில் ஏற்றி, போன வாரச் சம்பளக் கணக்கு அதில் சரியாக வருகிறதா என்று அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள்.